தைத்தவர் பெயர் எங்கே?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம். அங்கே உலோகத் திருமேனிகள் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்க்கலாம். சோழர் காலத்து வார்ப்பு. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இவரைப் புகைப்படங்களில் பார்த்தே சொக்கிப்போய் ஒரு கட்டுரை எழுதினார். இந்த நடராஜர் கலைப்படைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே மெழுகு வார்ப்பு முறையில், அதே சிற்ப சாத்திர அளவுகளில் சுவாமிமலையில் இன்றைக்கும் நடராஜர் உருவாகிறார். புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் அவர் 'கைவினைப் பொருள்'. 2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரும் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்தவர்தான். ஆயிரம் வருடம் பழசானால் கலை, போன மாதம் வார்த்தால் கைவினையா? தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதே கதி. பெயரிலேயே ஓவியம் இருக்கிறது, பதிவு மட்டும் கைவினைப் பிரிவில்.

கோயிலும் சாத்திரமும் பின்னால் நிற்கிற வெண்கலத்துக்கே இந்த நிலைமை என்றால், சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ ஒரு பெண் சாப்பாட்டு மேசையை ஒதுக்கி, மிஷினைப் போட்டு, துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வையை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? குயில்ட் என்று சொல்லும் அந்தப் போர்வைக்கென்றே 2019 ஜனவரியில் சென்னையில் முதல் 'இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல்' நடந்தது. அப்படியும், தைப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் "சும்மா இருந்தப்ப தைச்சது" என்றுதான் பதில் வரும். கலையா கைவினையா என்ற நம் கேள்வியின் பாதி அந்தச் 'சும்மா'வில் இருக்கிறது.

கால் இஞ்ச் கணக்கு

குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தகடு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டு, ஓரத்தைப் பட்டி வைத்து மடித்து அடித்தால் போர்வை தயார். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஐந்து இஞ்ச் சதுரங்களாக வெட்டுகிறோம் என்று வையுங்கள். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரிவது நாலரை இஞ்ச். 90-க்கு 108 இஞ்ச் கட்டில் விரிப்புக்கு அகலத்தில் 20, நீளத்தில் 24, மொத்தம் 480 சதுரங்கள். ஒரு சதுரத்துக்கு ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் என்ன ஆகிவிடும் என்று விட்டால், இருபதாவது சதுரத்துக்கு வரும்போது வரிசை ஒன்றேகால் இஞ்ச் ஓடிப்போயிருக்கும். பக்கத்து வரிசையோடு மூலை சேராது. பிரித்துத்தான் தைக்க வேண்டும். தையலைப் பிரிக்கிற கஷ்டம் தைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் கலை ஆகிவிடாது. கட்டடம் கட்டும் கொத்தனாரும் மூலைமட்டம் பார்க்கிறார். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தக் கறுப்பு, எங்கே கட்டம் போட்ட லுங்கித் துணி, எங்கே வெறும் வெள்ளை, கண் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் ஓட வேண்டும் என்று அந்த 480 சதுரங்களிலும் ஒருவர் முடிவெடுத்துக்கொண்டே போகிறார் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இதைத் தாம்பரத்தில் வைத்தே சோதித்துப் பார்க்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் அமைந்தது 'மெப்ஸ்' ஏற்றுமதி வளாகம். அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, பவர் மிஷினில் உட்காரத் தெரிந்த பெண்கள் இந்தப் பக்கத்தில் பெருகினார்கள். ஒரு லைனில் ஒருத்தர் காலர் மட்டும் தைப்பார், அடுத்தவர் கஃப் மட்டும். வெளிநாட்டு பையர் அனுப்பிய சாம்பிள் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். டார்கெட் உண்டு, சூப்பர்வைசர் உண்டு. கை அசாத்தியத் திறமையோடு ஓடும், ஆனால் எடுக்க ஒரு முடிவும் இல்லை. அதே பெண், அதே கை, ஞாயிற்றுக்கிழமை வீட்டு மிஷினில் மிச்சத் துணியை வைத்து மகளுக்குப் போர்வை தைக்கும்போது எல்லா முடிவும் அவருடையது. இரண்டும் தையல்தான். முதலாவதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை, அது சரிதான். இரண்டாவதையும் சொல்வதில்லை. அங்கேதான் தப்பு.

அப்படியானால் 'கையால் செய்தது' என்பது அளவுகோலே இல்லை என்று ஆகிறது. கையால் செய்த எத்தனையோ பொருள்கள் வெறும் உழைப்பு. மிஷினில் தைத்த ஒன்று கலையாக இருக்கலாம். இது கைவினை அபிமானிகளுக்குக் கசக்கும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விலையையும் பார்த்துவிடுவோம். கையாலேயே தைக்கும் ஒரு பெரிய குயில்ட் 100 மணி நேரம் வாங்கும் என்று குறைத்தே வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரக் கணக்கில் பன்னிரண்டரை நாள். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியைப் போட்டாலே துணி, பஞ்சு, நூல் சேராமல் 4,200 ரூபாய். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பெட்ஷீட் வாங்கிப் பழகிய கண் அந்த விலையைக் கேட்டால் "போர்வைக்கா?" என்று கேட்கும். அதே அளவு கேன்வாஸை ஓர் ஓவியர் நீட்டினால், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

கோடு போட்டது யார்?

கலை வேறு, கைவினை வேறு என்ற இந்தப் பிரிவினை நமக்குப் பூர்வீகச் சொத்து அல்ல. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது இளங்கோ ஒரு பட்டியல் போடுகிறார். ஓவியர், மண்ணால் உருவம் செய்பவர், பொற்கொல்லர், தையற்காரர், துணியாலும் நெட்டியாலும் பொருள் செய்பவர் எல்லோரும் ஒரே மூச்சில் வருகிறார்கள். ஓவியருக்குத் தனிப் பந்தி இல்லை. அதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே தெருவில் இருந்ததாலேயே எல்லோருக்கும் ஒரே மரியாதை கிடைத்தது என்று அர்த்தமாகாது. கைத்தொழிலைச் சாதியோடு முடிச்சுப் போட்டதும் நம் சமூகம்தான்.

இன்றைய கோட்டுக்கு வேறு வரலாறு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய கலைப் பள்ளி இதுதான். மண்பாண்டம், உலோகம், மரவேலை, வரைபடம் எல்லாம் அங்கே ஒன்றாக நடந்தன. 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதே பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். நம் வீட்டு அலுமினியக் குண்டானின் பூர்வீகம் ஓவியக் கல்லூரியில் இருக்கிறது என்றால் இன்று நம்ப மாட்டார்கள். பின்னாளில் கலைத்தொழிற் கல்லூரி என்று இருந்த அது, இன்று கவின் கலைக் கல்லூரி. ஜவுளி வடிவமைப்பும் பீங்கானும் இன்னும் பாடங்களாக இருக்கின்றன, பெயர்ப் பலகையிலிருந்து தொழில் மட்டும் இறங்கிப் போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லி இந்தக் கோட்டைக் கெட்டிப்படுத்தியது. 1952-ல் அகில இந்திய கைவினை வாரியம், 1954-ல் லலித் கலா அகாடமி. கைவினை இன்று ஜவுளி அமைச்சகத்தின் கீழ், ஓவியமும் சிற்பமும் கலாசார அமைச்சகத்தின் கீழ். கமலாதேவி சட்டோபாத்யாய் மட்டும் கைவினை வாரியத்தில் உட்கார்ந்து போராடியிருக்காவிட்டால், இன்று நாம் பெருமை பேசும் பல கைத்தொழில்கள் புகைப்படமாகத்தான் மிஞ்சியிருக்கும். வாரியம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அமைச்சகம் இரண்டானதும் கோப்பு இரண்டு, விருது இரண்டு, மதிப்பும் இரண்டாயிற்று. தமிழ்நாட்டில் 1973 முதல் இருக்கும் பூம்புகார் நிறுவனம் விற்பனைக்குச் செய்த உதவி பெரிது. ஆனால் பூம்புகார் கடையில் வாங்கிய பொருளைச் செய்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சோழமண்டலத்தில் துணி போட்ட சோறு

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இந்த விவாதத்தைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டிருக்கிறது.

1957-ல் கலைத்தொழிற் கல்லூரி முதல்வரான கே.சி.எஸ்.பணிக்கருக்கு ஒரு கவலை. மாணவர்கள் நன்றாக வரைகிறார்கள், படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் துணி மில்லுக்கும் விளம்பர கம்பெனிக்கும் போய்த் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அன்றைய சென்னையில் நவீன ஓவியத்துக்குப் பணம் கொடுத்து வாங்குபவர்கள் அபூர்வம். கைவினை விற்று வாழ்ந்துகொண்டே ஓவியம் செய்தால் என்ன என்று அவரும் மாணவர்களும் யோசித்தார்கள். ஓவியர்களின் கைவினைச் சங்கம் பிறந்தது. பத்திக் துணி, தோல் வேலை, பீங்கான், உலோக வேலை எல்லாம் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966-ல் கிராமம் எழுந்தது. பெரிய அரசு மானியமோ வள்ளலோ பின்னால் இல்லாமல், ஓவியர்கள் தாங்களே சம்பாதித்துக் கட்டிய ஊர் இது.

அந்தப் பத்திக் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மெழுகை உருக்கி, சூடு ஆறுவதற்குள் தூரிகையால் துணியில் வரைய வேண்டும். பிறகு சாயத்தில் முக்கினால் மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த மெழுகைக் கையால் கசக்கினால் விரிசல் விடும், அந்த விரிசலில் சாயம் இறங்கி நரம்பு நரம்பாகக் கோடு விழும். இரண்டாவது நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி முக்கல். முதலில் எது வெளிர், கடைசியில் எது அடர்த்தி என்று தலைகீழாக யோசிக்கத் தெரிந்தவருக்குத்தான் இது வரும். ஜே.சுல்தான் அலி, எஸ்.ஜி.வாசுதேவ், கே.ராமானுஜம் போன்றவர்கள் உலவிய கிராமத்தில் அந்த மெழுகுக் கோடு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் என்ன நடந்தது? துணி சோறு போட்டது, கேன்வாஸ் பேர் வாங்கியது. 2009-ல் கிராமத்துக்குள்ளேயே இவர்கள் வளர்த்த சென்னைக் கலை இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த இயக்கம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஓவியமும் சிற்பமும்தான். நிலத்தை வாங்கிக் கொடுத்த பத்திக் துணி, வரலாற்றில் 'ஆரம்பத்தில் இதையும் செய்தார்கள்' என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது. அந்தத் துணிகள் எந்த வீட்டுத் திரையாகவோ மேசை விரிப்பாகவோ கிழிந்து போயிருக்கும். பணிக்கர் பெரிய ஆள், அவருடைய தீர்க்கதரிசனத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் கைவினையை அவர் வைத்த இடம் சமையலறை, கூடம் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

கூடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் சிற்பிகள். பி.வி.ஜானகிராம் கோயில் கவசம் அடிக்கிற ஆசாரிகளின் முறையை எடுத்துக்கொண்டார். செம்புத் தகட்டை உளியும் சுத்தியும் கொண்டு தட்டி எழுப்பி, கம்பி வைத்து ஒட்டி உருவம் செய்தார். பணிக்கரின் மகன் எஸ்.நந்தகோபாலும் செம்பு, பித்தளைத் தகடுகளோடு அதே வழியில் வெகுதூரம் போனார். இவர்கள் செய்தது சிற்பம், சந்தேகமே இல்லை. அப்படியானால், அதே தகட்டில் சாமிக்குக் கவசம் அடித்த ஆசாரி செய்தது என்ன? அவர் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

கோயில் தேரில் கட்டும் தேர்ச்சீலையும், உருளையாகத் தொங்கும் தொம்பையும் இப்படித்தான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கறுப்புத் துணிகளில் யாளியும் அன்னமும் பூவும் வெட்டி ஒட்டுத் தையல் போட்டுத் தேரைச் சுற்றிக் கட்டுவார்கள். குயில்டுக்கு நம் ஊரில் உறவு தேட வேண்டுமென்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். நூறு அடி தள்ளி நின்று பார்க்கும் கூட்டத்துக்கும் புரியும்படி துணியில் உருவம் வெட்டுவது லேசான காரியம் அல்ல. தேர் நிலைக்கு வந்ததும் சீலையை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். தைத்தவர் பெயர் தேரோடும் இல்லை, சீலையோடும் இல்லை.

அலபாமாவில் நடந்தது

சோழமண்டலம் எழுந்த அதே 1966-ல், அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்காக கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்க ஒப்பந்தம் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் ஜீஸ் பெண்ட் கிராமத்து வீடுகளுக்குப் போயின. குளிருக்குப் போர்வையாயின. 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டன் அருங்காட்சியகமும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகமும் சுவரில் மாட்டின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. கம்பெனி ஆர்டரின் மிச்சத் துணி மியூசியச் சுவருக்குப் போன கதை. மெப்ஸ் வாசலில் நின்று இதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

விட்னிக்கு இது முதல் தடவையும் அல்ல. 1971-லேயே ஜொனாதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டர் ஹூஃப் இருவரும் சேகரித்த பழைய குயில்ட்களை அங்கே அரூப ஓவியம் போலத் தொங்கவிட்டார்கள். பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் தைத்தவர்கள் யாரென்று பெரும்பாலும் தெரியாது. அது கலைதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது, கலைஞர்தான் இல்லை. ஜீஸ் பெண்ட் கண்காட்சியில் பெயர்கள் இருந்தன. பெயர் இருந்ததால்தான் 2007-ல் சில பெண்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று நீதிமன்றம் போக முடிந்தது. அது பின்னர் சமரசமாக முடிந்தது. பெயர் இல்லாதவரால் வழக்குகூடப் போட முடியாது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் கலைப்படைப்பு என்றால் எது என்று சொல்லும்போது ஓவியம், சிற்பம், புகைப்படம், கட்டடம் இவற்றோடு கலைநயம் கொண்ட கைவேலையையும் சேர்க்கிறது. ஓவியத்துக்குக் கலைத்தரம் இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கலைப்படைப்பு. கைவேலை மட்டும் தன் கலைநயத்தை நிரூபித்துவிட்டு உள்ளே வர வேண்டும். இன்னொரு வேடிக்கை, வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பிரதி எடுத்துவிட்டால் அதன் காப்புரிமை போய்விடும். வாசலிலேயே சோதனை இருக்கிறது என்றாலும் வாசல் திறந்துதான் இருக்கிறது. தைப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

இனி தீர்ப்பு. குயில்ட் எல்லாமே கலை என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் கிட் வாங்கி, எண் போட்டபடி வெட்டி, படத்தில் உள்ள நிறத்தையே வைத்துத் தைத்தால் அது நல்ல பொழுதுபோக்கு, நல்ல போர்வை. அவ்வளவுதான். ஓவிய வகுப்பில் சேர்ந்து ஆசிரியர் கொடுத்த ட்ரேஸிங் மேல் கல் பதித்துத் தங்க ரேக் ஒட்டும் 'தஞ்சாவூர் கிருஷ்ணர்' பலவற்றுக்கும் இதையே சொல்வேன், அது ஓவியம் என்ற பெயரில் சுவரில் தொங்கினாலும். மரபான கட்டத்தை எடுத்துக்கொண்டதாலேயே ஒன்று கலை இல்லை என்றும் ஆகாது. மாமல்லபுரத்தில் சிற்பி சாத்திர அளவை மீறுவதில்லை, அதற்குள்ளேயே ஒருவர் செதுக்கிய முகம் பேசும், இன்னொருவர் செதுக்கியது பேசாது. துணியிலும் அந்த வித்தியாசம் உண்டு. அதைப் பார்த்துச் சொல்லும் விமரிசனம்தான் நம்மிடம் இல்லை. "அழகா இருக்கு, பொறுமை ஜாஸ்தி" என்று பாராட்டுகிறோம். பொறுமைக்கு மார்க் போடுவது படைப்பைப் பார்க்காமல் நழுவுகிற வழி. எந்த ஓவியரிடமாவது உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வருவோமா?

கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைச்சீட்டில் பொருளின் பெயருக்கு முன்னால் செய்தவரின் பெயரைப் போடுங்கள். 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்துக்கு இன்னொரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு வாரம் ஒரு கூடத்தை ஒதுக்கி, இந்தப் பக்கத்து வீடுகளில் தைத்ததையும் பின்னியதையும் சுவரில் மாட்டுங்கள். ஸ்டால் போட்டு மேசையில் மடித்து அடுக்க வேண்டாம்.

தைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, போர்வையின் அடித்துணி மூலையில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் போடுங்கள். பால்பாயிண்ட் பேனாவும் சாதாரண மார்க்கரும் துவைக்கத் துவைக்க மங்கிவிடும், இரட்டை நூலில் பின் தையலாகப் போடுங்கள். பாட்டியோ அத்தையோ தைத்தது வீட்டில் இருந்தால், யார் தைத்தது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, அவர்கள் பெயரை நீங்களே தைத்து வையுங்கள்.